சைகோன்காரர் வாங்கிய சமையல் பெட்டி

மடக்கி வைத்திருக்கும்போது அது வெறும் தேக்குப் பெட்டி. மூலைகளில் பித்தளைத் தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி. கொக்கியை விலக்கினால் மூடி பின்னால் சாய்ந்து முதுகுப் பலகையாக நிற்கும். முன்பலகை இறங்கி மேசையாகும். அடியிலிருந்து நான்கு கால்கள் எட்டிப் பார்க்கும். உள்ளே உப்புக்கு ஓர் இழுப்பறை, மிளகுக்கு ஒன்று, எதற்கென்று கடைசிவரை யாருக்கும் விளங்காமலே போன ஒன்று. தட்டுகள் நிற்பதற்குப் பச்சைத் துணி ஒட்டிய பள்ளங்கள். நட்ட நடுவில், குழந்தையின் தொப்பி அளவுக்கு ஒரு ஸ்பிரிட் அடுப்பு. மரத்தடியில் சமைத்துச் சாப்பிட ஆசைப்பட்ட ஏதோ ஒரு துரைக்காகக் கப்பலேறி வந்த சமையலறை அது. புதுச்சேரியில் அதை விரித்துக் காட்டிய பெருமை என்னுடையது. விரித்த வேகத்தில் என் கட்டை விரல் நசுங்கியது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். எதிரில் நின்றவர் எனக்கு மாமனாராக வேண்டியவர். அவர் முன்னால் அலற முடியுமா?

நெல்லித்தோப்பில் அவரைச் சைகோன்காரர் என்றுதான் சொல்வார்கள். சைகோன் கோர்ட்டில் பல வருஷம் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடும் ஒரு வெள்ளைத் தக்கைத் தொப்பியோடும் திரும்பியவர். பிடித்த விஷயங்களைத் தமிழில் பேசுவார், பிடிக்காதவற்றைப் பிரெஞ்சில் பேசுவார். ஆகையால் அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது பெரும்பாலும் பிரெஞ்சுதான் காதில் விழும். அவருக்கு ஒரு மகள். ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கத்திலிருந்து நான் பீடத்தைப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தது பெண்கள் பக்கத்தின் மூன்றாம் வரிசையை. என் அப்பா முறைப்படி போய்ப் பேசியும் இருந்தார். சைகோன்காரர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாஸ்குக்கு மறுநாள் தோப்புக்கு வாங்க, அங்க சொல்றேன்" என்று தவணை போட்டுவிட்டார்.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் பெருநாளுக்கு மறுநாள் தோப்புக்குப் போவது எங்கள் வழக்கம். தபசு காலம் நாற்பது நாளும் கறியை நினைவில் மட்டும் சாப்பிட்டவர்கள், அந்தத் திங்கட்கிழமை சட்டி பானையோடு வண்டி கட்டிப் போய், நிழல் கண்ட இடத்தில் மூன்று கல் வைத்து ஆட்டுக்கறி சமைப்பார்கள். சைகோன்காரருக்கு அந்த மூன்று கல்தான் உறுத்தியது. சைகோனில் வெள்ளைக்காரர்கள் ஆற்றங்கரையில் மேசை போட்டு, புகையில்லாமல் சமைத்துச் சாப்பிட்டதை அவர் பார்த்திருக்கிறார். இந்த வருஷம் தானும் அப்படிச் செய்வதென்று முடிவு கட்டினார். நானோ ஏலக் கடையில் எழுத்தன். ஊர் திரும்பும் துரைமார்கள் விட்டுப்போகும் கட்டில், கண்ணாடி, பியானோ எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. "தம்பி, வெளிய எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு குசினி வேணும். பாத்துச் சொல்லுங்க" என்று அவர் வந்து நின்றபோது, மோட்சத்திலிருந்து சம்மனசே இறங்கி வந்ததுபோல் இருந்தது எனக்கு. அதுவரை நான் வெந்நீர்கூட வைத்தவனில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் தெரியவில்லை.

கடையில் அப்போது மூன்று இருந்தன. தகரப் பெட்டிக்குள் அடங்கும் பம்பு ஸ்டவ் ஒன்று. மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தாலும் சத்தம் போட்டுக் காரியம் பார்க்கும். இரண்டாவது, கால் மடக்கும் இரும்புக் கரியடுப்பு. அகலமான வாய், பெரிய தேக்சாவைத் தாங்கும், ஆனால் எருமைக் கன்று மாதிரி ஒரு தோற்றம். மூன்றாவது இந்தத் தேக்குப் பெட்டி. சமைக்கிறவன் கண்ணோடு பார்த்திருந்தால் கரியடுப்பைத் தாண்டி நகர்ந்திருக்க மாட்டேன். நான் பார்த்தது மாப்பிள்ளைக் கண்ணோடு. கரியடுப்பைச் சிபாரிசு செய்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இழுப்பறைகளைத் திறந்து மூடி, பள்ளங்களில் தட்டுகளை நிறுத்தி, விரலை நசுக்கிக்கொண்டு, பிரசங்கமே செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இதுல கறி வேகுமா?"

"முசியே, இதுல சைகோனே வேகும்."

அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏலத்தில் யார் கேட்டாலும் விடாமல் மேலே மேலே கேட்டு எடுத்துவிட்டார்.

கோரிமேட்டைத் தாண்டி, இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் அவர் சிநேகிதருடைய முந்திரித் தோப்பு இருந்தது. திங்கட்கிழமை காலை முதல் வண்டியில் பெட்டி தனியாக, மெத்தை மேல் ஏறியது. பின்வண்டியில் சைகோன்காரர், அவர் மகள், வீட்டை ஆண்டுகொண்டிருந்த அவர் தங்கை, மசாலா தடவிய கறி அடங்கிய தேக்சா. நானும் அப்பாவும் நடந்து வந்தோம். எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். நம் ஊரிலிருந்து எதை எடுத்துப் போனாலும் சோதனை போடுவது அவர்கள் வழக்கம்; மற்றவர்களுக்குச் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். எங்கள் பெட்டியில் அத்தனை இழுப்பறை! சாவடிக்காரர் ஒவ்வொன்றாக, நிதானமாக, ரசித்துத் திறந்தார். கடைசியில் ஸ்பிரிட் புட்டியைத் தூக்கி முகர்ந்தார்.

"இது யாருக்கு?"

"அடுப்புக்கு" என்றார் சைகோன்காரர்.

"அடுப்பு குடிக்குமா?"

"குடிச்சாத்தான் எரியும்."

"உங்க ஊர்ல குடிக்கட்டும் ஐயா. எங்க ஊர்ல புட்டியக் கீழ வச்சிட்டுப் போங்க."

சைகோன்காரர் பிரெஞ்சுக்கு மாறினார். சாவடிக்காரர் அதை மரியாதையாக, ஒரு வார்த்தை புரியாமல், முழுவதும் கேட்டுவிட்டுப் புட்டியை நீட்டினார். புட்டியை அங்கே விட்டுப்போகச் சைகோன்காரருக்கு மனமில்லை. வண்டிகளைத் திருப்பச் சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம், மேட்டின் மேல், மொட்டையாக நின்ற இரண்டு பனைமரங்களுக்கு நடுவே பெட்டி இறங்கியது. புதுச்சேரியில் அதைவிடக் காற்று வீசும் இடம் கிடையாது.

நீல ஜ்வாலை எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது; மறுபடி அணைந்தது. பற்றி நின்ற ஒரு தருணத்தில் தங்கையம்மா தேக்சாவைத் தூக்கி அதன் மேல் வைக்கப் போனார். துரை வீட்டுத் தட்டையான வாணலிக்கென்று செய்த வளையம் அது. எங்கள் தேக்சாவுக்கு அடி உருண்டை. குழந்தைத் தொப்பியைப் பூசணிக்காய்க்குப் போட்டதுபோல் ஒரு பக்கம் சரிந்தது. ஒரே தாவலில் அம்மாள் பிடித்துக்கொண்டார், இல்லையென்றால் நாற்பது நாள் தவம் செம்மண்ணில் கொட்டியிருக்கும். பெட்டியோடு வந்த வாணலியில் சமைக்கலாம் என்று நான் மெல்லச் சொன்னேன்.

"தம்பி, அதுல ரெண்டு முட்டை பொரிக்கலாம். ஒன்னு எங்க அண்ணனுக்கு, ஒன்னு உங்களுக்கு. நாங்கல்லாம் இன்னும் நாப்பது நாளு ஒருசந்தி இருக்கறமா?"

அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று கல்லைத் தேடிப் போட்டு, பனையோலையைக் கொளுத்தினார். காற்று அதையும் விடவில்லை. தீ படுத்துப் படுத்து எழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு, விரித்த பெட்டியை அப்படியே தூக்கி, காற்று வரும் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். முதுகுப் பலகை மறைத்து நின்றது. தீ நிமிர்ந்தது. கறி வெந்தது. அத்தனை பித்தளையும் பச்சைத் துணியும் சேர்ந்து அன்று ஒரு தட்டியின் வேலையைச் செய்தன. தேக்கு ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கரண்டியும் கையுமாக அம்மாள் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "அண்ணே, இந்தப் பொட்டிய யாரு பாத்து எடுத்துக் குடுத்தது?"

சைகோன்காரரின் கண் என் மேல் ஒரு கணம் நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டை விரலைத் தடவிக்கொண்டு, மாப்பிள்ளை உத்தியோகம் போயிற்று என்று மனசுக்குள் கணக்கு முடித்துவிட்டேன்.

"யாரு பாக்கணும்? நான்தான் பாத்தேன்" என்றார் அவர். "பொட்டி இல்லன்னா உன் அடுப்பு எரிஞ்சிருக்குமா?"

எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அதை நெகிழ்ந்துபோய் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அப்பாவுக்கு அடுத்தவங்க பேச்சக் கேட்டு ஒரு பொருள் வாங்கினேன்னு சொல்லிக்க வராது. அதுவும் எங்க அத்த முன்னாடியா? உங்களுக்காக ஒன்னும் சொல்லல." யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பெட்டி நல்ல பெட்டி என்று ஊரறியச் சொல்லிவிட்டார். என்னை வேண்டாமென்று சொன்னால் ஏன் என்று தங்கை கேட்பார். ஏன் என்று சொன்னால் பெட்டிக் கதை வெளியே வரும். அன்று இலையை மடித்த கையோடு அப்பாவிடம், "பையன் பரவாயில்ல, வர்ற மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்றார். கறி நன்றாக வெந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

போன வாரம் பேரன் சிநேகிதர்களோடு மலைக்குப் போவதற்காக ஓர் அடுப்பு வாங்கி வந்தான். கையகல அடுப்பு, கீழே செம்பு அளவுக்கு ஒரு கேஸ் உருளை. மூன்று கடை ஏறி இறங்கி, சட்டியையும் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்கினானாம். அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தால் அவன் பிறந்தே இருக்க மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். பாட்டி முறைத்ததால் விட்டுவிட்டேன்.

அந்தப் பெட்டி இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டுச் சீர் வந்தபோது, கட்டிலுக்கும் குத்துவிளக்குக்கும் முன்னால், கருகிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வண்டியிலிருந்து முதலில் இறங்கியது அதுதான். மாமனார் தக்கைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"மாப்ள, இதோட அருமை தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நீங்களே வச்சுக்குங்க."

அதையும் தமிழில்தான் சொன்னார்.