என் மனைவி ஏறிய மேடு

போர்ட் பிளேரில் உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் பிப்ரவரியில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். துர்கா பூஜையிலிருந்து பொங்கல் வரைக்கும் அது நடக்கிற காரியமில்லை. ஜங்லிகாட்டில் எங்கள் சந்தில் எதிர்வீடு வங்காளி, பக்கத்து வீடு மலையாளி, அதற்கு மேலே ராஞ்சிக்காரர், முனையில் தெலுங்குக்காரர். யார் பண்டிகையானாலும் எல்லா வீட்டுக்கும் தட்டு வரும். வேண்டாமென்று சொன்னால் அடுத்த பண்டிகை வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தட்டைக் காலியாகத் திருப்பவும் கூடாது, நாமும் எதையாவது சுட்டு வைத்து அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் என்ஜின் ரூமில் எனக்கு வேலை. போனால் நாலைந்து நாள் ஆகும். திரும்பி வரும்போது வீட்டில் டப்பா டப்பாவாகக் காத்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட ஊரில், அப்பேர்ப்பட்ட சீசனில், என் மனைவி தன் உடம்பைத் தன் சொல்படி கேட்க வைத்தாள். வேறு யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஒரே மகளுக்குப் பிறவியிலிருந்தே நடக்க வராது. சுனாமி வந்தபோது அவளுக்கு நாலு வயது. அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. முந்தின நாள் ராஞ்சிக்காரர் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தோம். பூமி ஆடி நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வருகிறது என்று சந்து முழுக்கக் கூச்சல். நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மேட்டைப் பார்த்து ஓடினேன். மனைவி பாதி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது நல்ல கனமாக இருப்பாள், மூச்சு விட முடியவில்லை. போங்கள் என்று கையை மட்டும் ஆட்டினாள். மகளை மேலே விட்டுவிட்டுத் திரும்பி வந்து அவளை இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் சந்துமுனைக் கடைகளை நாசம் பண்ணிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு அது முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் பத்து வயது நடக்கும்போது, ஒரு ஆடி மாதத்தில், மனைவி விடியற்காலையில் நடக்கப் போக ஆரம்பித்தாள். இங்கேதான் ஐந்து மணிக்கே வெளுத்துவிடுமே. நான் ஊரிலிருக்கும் நாட்களில் தூக்கக் கலக்கத்தில் பார்ப்பேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், தெப்பமாக நனைந்து திரும்புவாள். சாப்பாடும் மாறிவிட்டது. காலையில் இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை. மத்தியானம் சோறு பாதி, மீன் இரண்டு மடங்கு. எனக்குப் பொரித்த மீனைப் போட்டுவிட்டு அவள் குழம்பு மீனை எடுத்துக்கொள்வாள். டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, சும்மாதான் என்றாள். சும்மா யாராவது இப்படி நனைவார்களா?

பூஜை வந்தது. பலகாரத்தட்டு வந்தால், கொடுத்தவர் எதிரிலேயே ஒன்றை எடுத்து நிதானமாக மென்று தின்று, நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொல்வாள். அவ்வளவுதான், இரண்டாவது கிடையாது. எதிர்வீட்டு வங்காளிப் பெண் தேங்காய் உருண்டையை வைத்துக்கொண்டு, "தீதி, ஏக் அவுர்" என்று, இன்னும் ஒன்று எடுக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். இவள் சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவள் கேட்டதையெல்லாம் கொடுத்தாள். அதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

தீபாவளியன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அப்போதெல்லாம் பெரிய காரணம் தேவையில்லை. வருஷத்தில் ஒருநாள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், இவள் ஒரே ஒரு அதிரசத்தோடு எழுந்துவிட்டாள். சினிமாவில் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். அதோடு நிற்காமல் இன்னும் நாலு வார்த்தை, மகள் எதிரில் பேசக் கூடாத வார்த்தை, பேசினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி வந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அதனாலதான் நீங்க வீட்ல இருந்தீங்க," என்றாள். "நீங்க கப்பல்ல இருக்கும்போது தண்ணி வந்தா இவளை யாரு தூக்குவா? அவனவன் புள்ளைய அவனவன் தூக்கிட்டு ஓடுவான். இவ வருஷா வருஷம் கனத்துக்கிட்டே போறா. நானும் அதுக்குத் தக்கன வளரணும்ல?"

பிறகுதான் மீதியும் வெளியே வந்தது. நான் ஊரில் இல்லாத நாட்களில் மகளைப் பழைய பருத்திச் சேலையால் முதுகோடு கட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறுகிறாள். முதுகு ஒடிந்துவிடும், பிள்ளை விழுந்துவிடும் என்று நான் குதிப்பேன் என்றுதான் சொல்லவில்லையாம். குதிக்கத்தான் செய்திருப்பேன். கடலை நம்பிப் பிழைக்கிறவன் நான். ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வி ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுவாரம் அபர்தீன் பஜாரில் அவளுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அவள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரை அளவு பெரிது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

கிறிஸ்துமஸ் வந்தது, கேக் வந்தது. புது வருஷம் வந்தது, பக்கத்து மலையாளி வீட்டிலிருந்து பாயசம் ஒரு தூக்கு வந்தது. அவள் ஒரு துண்டு, ஒரு மடக்கோடு நின்றாள். மழை எவ்வளவு அடித்து ஊற்றினாலும் மேடு ஏறுவது மட்டும் நிற்கவில்லை. நான் பாயசத்தை முடித்துவிட்டு, உண்மையிலேயே வாய் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் கப்பல் தெற்கே ஹட் பே துறைமுகத்தில் நின்றது. காலையில் பூமி ஆடியதென்று கரையில் சொன்னார்கள். போர்ட் பிளேரில் தண்ணீர் வருவதாக ஒருவர் சொன்னார், வரவில்லை என்று இன்னொருவர். வீட்டுக்கு ஐம்பது தடவையாவது போன் போட்டிருப்பேன், லைன் கிடைக்கவில்லை. என்ஜின் ரூமுக்குத் திரும்பினேன். மகளை முதுகில் வைத்துக்கொண்டு மனைவி ஏறுவாளா, பாதியில் உட்காருவாளா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் சாயங்காலம் சந்துக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னாள். தண்ணீர் வரவில்லை, எல்லாம் வதந்திதான். ஆனால் சந்தே ஓடியிருக்கிறது. என் மனைவி மகளை முதுகில் கட்டிக்கொண்டு, ஆண்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்தையெல்லாம் தாண்டி, நிற்காமல் உச்சிக்குப் போயிருக்கிறாள். நான் வீட்டுக்குள் போய் அவளைப் பார்த்ததும் தேம்பி அழுதேன். அவளோ அடுப்பில் விட்டுப்போன பால் தீய்ந்து பாத்திரம் பாழாகிவிட்டதைப் பற்றிப் பேசினாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினாள். இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

"நாலஞ்சு நாளைக்கு என்னால இவளைத் தூக்க முடியாது," என்றாள். "அதுவரைக்கும் நீங்க கப்பலுக்குப் போகக் கூடாது."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் எனக்குப் போட்ட முதல் உத்தரவு அது. அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும், இன்றைக்கு நான் தூக்குகிறேன் என்றேன். இரும்பைத் தூக்கிப் பழகிய உடம்பு, ஒரு பிள்ளையைத் தூக்குவது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. மனைவி உட்கார்ந்தபடியே சேலையை என் மார்பில் இழுத்து முடிந்துவிட்டாள். சந்தைத் தாண்டி மேட்டில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. தொடை நடுங்கியது, கண் இருட்டியது. ஒரு தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான் போக முடிந்தது. பக்கத்திலிருந்த கட்டைச் சுவரில் மகளை இறக்கி வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். உச்சி இன்னும் எங்கேயோ இருந்தது.

மகள் என் தலையில் கை வைத்தாள்.

"பரவாயில்லப்பா," என்றாள். "அம்மாவும் முதல் மாசம் இதுவரைக்கும்தான் வந்தாங்க. இங்கயே உக்காந்து அழுவாங்க."