ஷிஃபாவின் இங்கிலீஷ் கோபம்

தென்காசியில் ஒரு நகைக்கடையின் மாடியில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மதியம் முழுக்க வெள்ளைக்காரர்களிடம் வசவு வாங்குவதுதான் ஷிஃபாவுக்கு வேலை. லண்டன் பக்கம் ஒரு பார்சல் போய்ச் சேரவில்லை என்றால் இங்கே இவள் தலை உருளும்.

சேர்ந்த புதிதில் அழுதிருக்கிறாள். இப்போது அந்த வசவுகளைத் தரம் பிரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'ப்ளடி ஹெல்' என்று ஆரம்பிக்கிறவர் பாவம், இவள் நாலு வார்த்தை சொன்னால் தணிந்துவிடுவார். 'டூயிங் மை ஹெட் இன்' என்றால் மண்டை காய்ந்துபோய்ப் பேசுகிறார். 'ஹேட் இட் அப் டு ஹியர்' என்றால் கழுத்துவரை வந்துவிட்டது, இனி எந்தச் சமாதானமும் எடுபடாது. யார் என்ன ஏசினாலும் இவள் குரல் மட்டும் உயரக் கூடாது. இப்படியும் ஒரு பிழைப்பு!

புருஷன் நாசர் துபாயில் ஏசி மெக்கானிக். மகள் பர்சானா தவழும்போது போனவன். பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. "இந்தச் சாரல் சீசனுக்கு வந்துருதேன், பழைய குற்றாலத்துல மூணு பேரும் குளிப்போம்" என்று வருஷாவருஷம் சொல்லுவான், வரமாட்டான். இவளும் "சரி மச்சான்" என்பாள். தமிழில் வாயைத் திறந்தால் கோபத்துக்கு முன்னால் அழுகை வந்து நின்றுகொள்ளும்.

இந்த வருஷம் டிக்கெட்டே போட்டாயிற்று என்றான். பர்சானா அதைப் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். சாரல் விழுந்து, இலஞ்சி ரோடெல்லாம் அருவிக்குப் போகிற வண்டியாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, டீ இடைவேளையில் வீடியோவில் வந்தான்.

"ஷிஃபா, கோவிச்சுக்காத. இங்கன வெயில் கொளுத்துது, ஏசி வேல தலைக்கு மேல கெடக்கு. அரபி லீவு தரமாட்டேங்கான். அடுத்த சாரலுக்குக் கண்டிப்பா வருதேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே சாரல் என்றால் அங்கே கோடை. ஏசி மெக்கானிக்குக்கு எந்தச் சாரலிலும் லீவு கிடைக்காது. அவனுக்கு இது முதலிலிருந்தே தெரியும்.

பற்றிக்கொண்டு வந்தது. வந்ததோ இங்கிலீஷில்.

"ஐ அம் சிக் அண்ட் டயர்ட் ஆஃப் திஸ், நாசர்!" புருஷன் பேரைச் சொன்னதே அதுதான் முதல் தடவை. "யூ ஆர் டூயிங் மை ஹெட் இன்! ஐ ஹேவ் ஹேட் இட் அப் டு ஹியர்!" கழுத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

நாசர் வாயைப் பிளந்தான். அப்புறம் சிரித்தான்.

"யம்மா! என்னா இங்கிலீஷ்! ஏலே அஹ்சன், இங்கன வாலே, எம் பொண்டாட்டி பேசுததக் கேளு!"

கூடத் தங்கியிருக்கிறவர்கள் திரைக்குள் முண்டியடித்தார்கள். "மதினி, இன்னொருக்கா!" என்று அஹ்சன் கைதட்டினான். நாசர் முகத்தில் அப்படியொரு பெருமை. படுபாவி, ஒரு வார்த்தைகூட அவனுக்கு ஏறவில்லை.

"மச்சான், நான் கோவமா இருக்கேன்" என்றாள் ஷிஃபா. கண் நிறைந்துவிட்டது.

"அதையும் இங்கிலீஷ்லயே சொல்லுட்டி, கேக்கவே நல்லாருக்கு."

சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். "பிள்ளைக்கும் இப்படியே பேசச் சொல்லிக்குடு" என்றுவிட்டு அவன் போனை வைத்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினாள். ஒரு கிழவி 'ப்ளடி ஹெல்' என்று ஆரம்பித்தாள். வரும் வரும் என்று சொல்லியே ஏமாற்றுகிறார்களாம், பார்சல் வந்தபாடில்லையாம். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது மேடம் என்று, சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வரியைச் சொன்னாள் ஷிஃபா. கிழவி திட்டத் திட்ட, இடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளாவது திட்டித் தீர்க்கட்டும்.