நாலுக்குள் இருந்த எண்

அந்த சலூன்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் காடு. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி முடி இருக்கலாமா என்று பார்க்கிறவர்களெல்லாம் வயிறெரிவார்கள். “சாயம் மட்டும்தான் கடையில வாங்கினது, அடர்த்தி சொந்தச் சரக்கு” என்று அவரும் கூசாமல் சொல்வார். அது பச்சைப் பொய்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு உச்சந்தலையில் முடி கொட்ட ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, “உங்க தலையையே உங்களால காப்பாத்த முடியல, என் தலைய எந்த தைரியத்துல குடுக்கிறது?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே ஒரு தோல் டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கினார். தினம் ஒன்று. வீட்டுக்கு அதைக் கொண்டுபோகவேயில்லை. மேசை இழுப்பறையில் பிளேடு பெட்டிகளுக்கு அடியில் வைத்திருந்து, காலையில் கடை திறந்ததும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார். மனைவியிடம் எப்படிச் சொல்வது? அந்த முடியைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

அவருடைய அண்ணன் தையல்காரர். முதுகுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது. கடைசி நாட்களில் தம்பிதான் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டார். கன்னத்தைத் தொட்டாலே அண்ணன் வலியில் முனகுவார். அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தபால் ஆபீசில் வேலை பார்த்த மனைவிக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. “அண்ணனுக்கு வந்தா தம்பிக்கும் வரலாமாம். வருஷா வருஷம் ரத்தம் பாத்துடுவோம்” என்று கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றை அளப்பார்கள், அது நாலைத் தாண்டினால்தான் பொதுவாக மேற்கொண்டு யோசிப்பார்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு, “தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார்.

“தலைவலி மாத்திரைகூட போட மாட்டாருங்க” என்றாள் மனைவி.

காடு தலையாட்டினார். முடிக்குப் போடுவதெல்லாம் மாத்திரைக் கணக்கில் வருமா, எண்ணெய் தடவுகிற மாதிரிதானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம். அடப்பாவி மனுஷா, வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

முதல் வருஷம் 1.8 என்று வந்தது. அடுத்த வருஷம் 2.5. இந்த வருஷம் 3.3. “நாலுக்குள்ளதான்” என்று மனைவி ஒவ்வொரு தாளையும் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மருந்துக் கடைக்காரர் சவரத்துக்கு வந்தார். தோல் டாக்டரைத் தவிர மாத்திரை விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முகம் முழுக்க நுரையோடு பேச்சுவாக்கில் கேட்டார்.

“ஏண்ணே, வருஷா வருஷம் பி.எஸ்.ஏ. பாக்குறேன்னீங்களே. இந்த மாத்திரை எடுக்கிறத அங்க சொல்லிட்டீங்கல்ல?”

“எதுக்கு?”

“இது அந்த எண்ணைப் பாதியாக் குறைச்சுக் காட்டும்ணே. சொன்னாத்தான் அவங்க ரெண்டால பெருக்கிப் பாப்பாங்க.”

கத்தி காதோரம் நின்றுவிட்டது. அது நகராததைக் கண்ணாடியில் பார்த்த மருந்துக் கடைக்காரர், மிச்சத்தை வீட்டில் போய்ச் செய்துகொள்வதாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காடு கதவை இழுத்துப் பூட்டிவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போனார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கணினியில் பழைய எண்களைப் பார்த்து, ஒரு தாளில் மூன்றையும் எழுதி, பக்கத்தில் இரட்டித்து எழுதினார். 3.6. 5.0. 6.6.

“இது தோராயக் கணக்குதான். ஆனா இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது ஏறவே கூடாது. ஏறுனாலே என்னன்னு பாத்தாகணும். தெரிஞ்சிருந்தா போன வருஷமே உங்கள ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்.”

“அப்போ எனக்கும் அண்ணனுக்கு வந்த மாதிரி...”

“இந்த நம்பர மட்டும் வெச்சுப் புத்துநோய்னு சொல்ல முடியாது. வயசானா அந்தச் சுரப்பி வீங்கும், கிருமித் தொத்து இருந்தாலும் ஏறும். ஸ்கேன் பாப்போம். தேவைப்பட்டா சதை எடுத்துப் பாக்கணும். வியாழக்கிழமை வாங்க, துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது? சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாத்திரை அட்டையையும் மேசைமேல் வைத்தார். போன வருஷமே கண்டுபிடித்திருக்கலாம் என்பதை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது.

அவள் அழவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எத்தனை வருஷமா?”

“பதினாலு.”

“எதுக்குங்க மறைச்சீங்க?”

“நீ என்ன நினைப்பியோன்னு.”

அவள் அட்டையை மேசைமேல் திரும்ப வைத்தாள்.

“வழுக்கை விழுந்திருந்தா ரெண்டு நாள் கேலி பண்ணியிருப்பேன்” என்றாள். “மூணாவது நாள் மறந்திருப்பேன்.”