முதல் விலைக்குப் பதில் இல்லை

வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்தால் போதும், எவரும் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். பிள்ளைகள் எப்படி, என்ன பாடம் நடத்தினீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. பினாங்கில் நான் வாங்கியதைச் சொன்னதும் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். அதே காலத்தில் எத்தியோப்பியாவுக்குப் போன என் கல்லூரித் தோழர்கள் மதுரையில் மாடி வீடு கட்டினார்கள். "உனக்கும் அங்கிருந்து கடுதாசி வந்துச்சாமே, ஏன் போகல?" என்பது அடுத்த கேள்வி. தலையெழுத்து என்று சொல்லி இத்தனை வருஷம் தப்பித்து வந்தேன். அது பொய். தலையெழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நடந்ததைச் சொன்னால் என் மதிப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொடைக்கானலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். சம்பளம் நிர்வாகிக்கு ஞாபகம் வரும்போது வரும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவி வத்தலக்குண்டுக்காரி, மலையின் காலடியில் வெயிலில் வளர்ந்தவள். மலைக்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. அதற்கு முன் அவளுக்கு அப்படி ஒரு நோயே இருந்ததில்லை. ஏரிக்கரையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறிவர எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். அவளுக்கு முக்கால் மணி. ஆஸ்பத்திரியில் வயதான டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. "குளிரும் மூட்டமும் இல்லாத ஊராகப் பாருங்கள். இன்னொரு பனிக்காலத்தை இவள் இங்கே கழிக்கக் கூடாது" என்றார்.

அடுத்த பனிக்காலத்தில் அவளை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே போன நாலாம் நாளே தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாளாம். ஆனால் மூன்றாம் மாதம் அண்ணிக்கு முகம் கோணிவிட்டது. கல்யாணமான பெண் எத்தனை நாள் பிறந்த வீட்டில் உட்கார முடியும்? கீழேயே வேலை தேடினேன். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் நன்கொடை என்று ஒரு தொகையைக் கேட்டார்கள். எங்கள் குடும்பத்துத் தோட்டத்தை விற்றாலும் அது தேறாது. இன்னொரு பள்ளியில் நிர்வாகி தன் தங்கை மகனுக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் விளம்பரம் கொடுத்திருந்தார். அதனால்தான் வெளிநாட்டைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன். காசு ஆசை அதற்கு அப்புறம் வந்தது. வந்த பிறகு நன்றாகவே உட்கார்ந்துகொண்டது.

ஆடி மாதத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று எத்தியோப்பிய அரசாங்கத்திடமிருந்து. பேப்பரில் விளம்பரம் பார்த்து, மனுப் போட்டு, சென்னைக்குப் போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். தடித்த தாளில் முத்திரையோடு பதில் வந்தது. இங்கே வாங்குவதைப் போல ஐந்து பங்கு சம்பளம், மூன்று வருஷ ஒப்பந்தம். இரண்டாவது அழைப்புக்கு முத்திரையும் இல்லை, தாளும் இல்லை. பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர், எனக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டே சொன்னது அது.

"சார், எங்க மச்சான் பினாங்குல தனியாரு பள்ளிக்கூடம் நடத்துறாருங்க. இங்கிலீசுக்கு ஆளு வேணுமாம். நம்ம பக்கத்து ஆளா இருந்தாத் தேவலன்னு எழுதியிருக்காரு. பெர்மிட்டெல்லாம் அவரே எடுத்துருவாரு. பள்ளிக்கூடத்து மாடியிலயே எடம், அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்."

சம்பளம் இரண்டரைப் பங்கு. ஒப்பந்தம் உண்டா என்று கேட்டேன். "மச்சான் வாக்கு இருக்குல்லங்க" என்றார், நான் அவரை அவமானப்படுத்திவிட்டதைப் போல.

பாதி விடைத்தாள்களைத் திருத்தாமல் மூடி வைத்துவிட்டு நான் இதையே யோசித்தேன். அரசாங்கத்துக்குச் சாவு இல்லை, நஷ்டம் இல்லை, கோபமும் வராது. தனி முதலாளிக்கு இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வரலாம். ஆனால் கடல் கடந்த இடத்தில் ஒரு கஷ்டம் என்றால் அரசாங்கத்தின் வீட்டுக் கதவை எங்கே போய்த் தட்டுவது? முதலாளியின் மச்சானோ இதோ பஜாரில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி இரண்டு பக்கமும் நியாயம் பேசினேன். பேசினேனே தவிர, மனசு ஐந்து பங்கில் போய்ப் படுத்துக்கொண்டது எனக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்து அட்லஸை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எனக்குக் கிடைத்த ஊர் எத்தியோப்பியாவின் மேட்டுநிலத்தில் இருந்தது. அடிக்கணக்கைப் பார்த்தேன். கொடைக்கானலைவிட உயரம். அட்லஸை மூடினேன். பிறகு மறுபடி திறந்து, மனைவியைக் கூப்பிட்டு, "இதுதான் ஊர்" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். "அங்கன எப்படிங்க, குளிருமா?" என்று கேட்டாள்.

"ஆப்பிரிக்கான்னா வெயிலுக்குக் கேட்கணுமா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். நானும் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் யோசனை கேட்க, மலைமேலேயே இருக்கும் எங்கள் சொந்த ஊரான மன்னவனூருக்குப் போனேன். அப்பா அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பூண்டு விற்கும் முறை ஒன்று உண்டு. அறுத்த பூண்டை அதன் காய்ந்த தண்டோடு கட்டி, அடுப்புப் புகை படுகிற மாதிரிப் பரணில் தொங்கவிடுவோம். வியாபாரி வீடு தேடி வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார். அந்த முதல் விலைக்கு வீட்டுக்காரர் பதிலே சொல்லக் கூடாது. சரி என்றால் ஏமாளி. முடியாது என்றால் பேச்சு முறிந்துவிடும். அதனால் காப்பி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட வேண்டும். வியாபாரி பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து தானாகவே ஏற்றிச் சொல்வார். வீட்டுக்காரர் வாய் திறக்காத வரைக்கும் பேச்சு உயிரோடு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் இரண்டு அழைப்புகளையும் சொன்னேன். அப்பா பரணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே, எவனுக்காச்சும் பதில் சொல்லிப்பிட்டியா?"

"இல்லப்பா."

"சொல்லாதே. ரெண்டு பேருக்குமே வாயத் தொறக்காதே. தேடி வந்தவன் தானா ஏத்துவான்."

பி.ஏ., பி.டி. படித்தவன் நான். சர்க்கார் கடிதமும் பூண்டு விலையும் ஒன்றா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முடிவெடுக்காமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதை அப்பா தன் கையாலேயே கொடுத்துவிட்டார். நிம்மதியாகக் கொடைக்கானல் திரும்பினேன். எத்தியோப்பியாவுக்குக் கடிதம் எழுதவில்லை. ராவுத்தர் கடைக்குப் போனால் பருப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினேன். அவரும் மன்னவனூர் வரைக்கும் வந்து பூண்டு வாங்குகிறவர்தான். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே அவர் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்.

ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. மனைவி ஒரு நாள் கேட்டாள், "ரெண்டு பேருக்கும் பதிலு எழுதிட்டீங்களாங்க?"

"வெல ஏறட்டும்" என்று சொன்னேன், அப்பாவின் குரலிலேயே.

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள். "பூண்டு பரண்ல கெடக்கும். நான் அப்படிக் கெடப்பனாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வாரமே எத்தியோப்பியாவிலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்துவிட்டது. சம்பளத்தோடு வீட்டு வாடகையும் தருவோம், போகவர இரண்டு பேருக்கும் பயணச் செலவும் எங்களுடையது, மலைப்பிரதேசத்தில் பழகிய ஆசிரியர் என்பதால் தங்களையே விரும்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. அதெல்லாம் முதலிலிருந்தே எல்லோருக்கும் கொடுப்பதுதானோ என்னவோ. விஷயத்தைச் சொல்லி அனுப்பியதும் அப்பா மன்னவனூர் முழுக்கத் தன் வியாபாரத் திறமையைப் பறைசாற்றிவிட்டார். நானும் குதித்தேன். சரி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டினேன். திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாக இருந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சந்தைக்குப் போனோம். ஐப்பசி பிறந்திருந்தது. வெள்ளனே கிளம்பியும், காய்கறி வாங்கித் திரும்புகையில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஏற்றத்தில் பாதி தூரம் வந்திருப்போம். அவள் வழியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். உதடு நிறம் மாறிப்போயிருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அவள் முதுகைத் தடவினேன். அதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. இங்கேயே போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த மாதிரிப் பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்தான். நாமதான் வெயில் ஊருக்குப் போகப் போறமே" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வர வெகு நேரமாயிற்று. பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் நானும் படிச்சிருக்கேங்க. அந்த அட்லஸ்ல நம்ம மலைக்கு அடிச்சிருக்கிற காப்பிக் கலருதான், நீங்க வெரல வச்ச எடத்துலயும் இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வாய்க்கு வாய் பேசித் தப்பித்திருப்பேன். மூன்று மாதமாக அவள் அந்த நிறத்தைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், நான் பொய் சொன்னதைத் தெரிந்துகொண்டே என் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறாள். சந்தைக்குப் போன மூட்டைக்காரர் ஒருவரை நிறுத்தி, கைத்தாங்கலாக அவளை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். கஷாயம் வைத்துக் கொடுத்து, பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு உட்காரவைத்தேன். ஒட்டி வைத்திருந்த உறையை எடுத்து அடுப்பில் போட்டேன். அந்த வேகத்திலேயே பஜாருக்கு ஓடினேன்.

ராவுத்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் பினாங்கு என்று சொன்னதுமே அவர் முகம் வாடிவிட்டது.

"சொல்லவே கூச்சமா இருக்குங்க சார். நீங்க பிடி குடுக்காம இருக்கவும், வெல ஏத்துறாருன்னு நானும் எழுதிப்பிட்டேன். மச்சானுக்கு ஒரே கோவம். ஆரம்பத்துல சொன்னதுல கால்வாசியக் கொறச்சுட்டாரு. மாடியையும் வேற ஒரு வாத்தியாருக்கு விட்டுட்டாராம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரே ஒரு அறை..."

"சரி" என்றேன்.

"இருங்க சார், நான் இன்னும் சொல்லி முடிக்கல. டிக்கெட்டுலயும் பாதி உங்களோடதுங்கிறாரு."

"சரிங்க. அங்க குளிரு உண்டா?"

"குளிரா! அங்கன சட்டையே போட முடியாதுங்களே."

"அப்ப இன்னைக்கே தந்தி குடுத்துருங்க."

ராவுத்தருக்கு அது பொறுக்கவில்லை. லாபம் அவருடைய மச்சானுக்குத்தான், ஆனாலும் ஒரு பூண்டுக்காரர் மகன் இப்படி விலை போவதை அவரால் பார்க்க முடியவில்லை. கல்லாவை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் இருங்க சார். சோலி எங்கயும் போயிராது. ஒரு வாரம் பொறுங்க, நான் வேற மாதிரி எழுதி, பழைய சம்பளத்துக்காவது ஏத்தித் தாறேன்" என்றார். அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். நான் தந்திக்கு வேண்டிய காசை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. சம்பளம் குறைந்ததைச் சொன்னேன், மாடி போனதைச் சொன்னேன், பாதி டிக்கெட்டையும் ராவுத்தர் ஏற்றித் தருகிறேன் என்றதையும் நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவளுக்கு வந்ததோ கோபம்.

"ஏங்க, அவரே ஏத்தித் தாறேன்னு சொல்லறப்ப ஒரு வாரம் பொறுத்தாத்தான் என்னங்க, அதுக்குள்ள நான் என்ன ஓடியா போயிருவேன்?" என்றாள்.

அதைச் சொல்லி முடிக்க அவள் மூன்று இடத்தில் மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தது.