கொள்ளிடம் வரைக்கும் லோ டாக்டர்

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டு நிற்கும்போதே லோ டாக்டர் தன் ஜாவா மோட்டார் சைக்கிளை உதைத்துவிடுவார். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய பல்செட் ஒன்று இருக்கும். அதைக் கொண்டுபோய் உரியவர் வாயில் மாட்டி, நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம் அவருக்கு இறங்கும்.

“பேருக்கு ஏத்த மாதிரி லோலோன்னு அலையிறாரு பாருங்க” என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லிக்கொண்டே டோரதி பின்னால் ஏறிக்கொள்வாள். கணவரைக் குறை சொல்லும் எந்தப் பெண்ணும் அத்தனை வேகமாக வண்டியில் ஏறி யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் ஆறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சீனாவிலிருந்து கப்பலில் வந்தவர். திருச்சி சின்னக்கடைத் தெரு மாடியில் அப்பா பல் கட்டினார். அவருக்குப் பின் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் மகன். புத்தூரில் வீடு. நர்ஸ் வேலை பார்த்த டோரதியைக் கட்டியதும் அங்கேதான். தமிழை மட்டும் தெருவில் விளையாடிக் கற்றுக்கொண்டார். வலிக்குமா என்று நடுங்குகிறவர்களிடம், “வலிக்கும்ங்க. ஆனா நானும் கூடத்தானே நிக்கிறேன்” என்பார். பொய் சொல்லி ஊசி போட அவருக்கு வராது.

வண்டி ஓட்டும் விதமும் தனி. ஹாரன் அடிக்க மாட்டார், “அண்ணே, ஓரம். அக்கா, கூடைய கொஞ்சம் இழுத்துக்குங்க” என்று வாயாலேயே வழி கேட்டுப் போவார். உதைக்கிற கட்டையே கியராகவும் மாறுகிற வண்டி அது. வேறு யாராவது ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கொடுத்துவிட்டு, அவர்கள் கியர் எங்கே என்று தேடுவதைக் கை கட்டி நின்று ரசிப்பார். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அது காவிரிப் பாலத்தில் ஏறினால், படித்துறையில் துவைக்கிறவர்கள் தலை நிமிராமலே “பல்லு டாக்டர் போறாரு” என்பார்கள்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் சௌரிராஜன் என்று ஒரு பெரியவர். மேல்பல்செட் தளர்ந்துபோய் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தவர், டாக்டரைக் கண்டதும் புலம்பினார். “பல் இல்லாமல் பாசுரம் சேவிச்சா எல்லாம் காத்தாப் போறது, டாக்டர். பெருமாள் என்னைப் பார்த்து, இவன் யாரைக் கூப்பிடறான்னு முழிக்கிறார்.” டாக்டர் செட்டை மாட்டிவிட்டு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். “இப்ப சொல்லுங்க சாமி.” பெரியவர் இரண்டு பாசுரம் சேவித்தார். ‘ழ’ வருகிற இடத்தில் டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தி, செட்டைக் கழற்றி இரண்டு தேய் தேய்த்து மறுபடி மாட்டினார். மூன்றாம் முறை ‘ழ’ உருண்டு வந்தது. பெரியவர் கண் கலங்க, டாக்டர் வெளியே வந்து நெடுநேரம் வண்டியின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப மாட்டார். கொள்ளிடம் பாலம் வரைக்கும் போவார். பாலத்தின் அந்தக் கோடியில், டோல்கேட் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்துவார். ஆற்றுக்கு அப்பால் லாரிகள் சென்னைக்கும் சேலத்துக்கும் பிரிந்து போவதைச் சற்று நேரம் பார்ப்பார். பிறகு திருப்பிவிடுவார்.

அதற்கு மேல் அவர் போகக்கூடாது. சீனாவோடு சண்டை வந்த வருஷத்திலிருந்து அவர் போலீசில் பெயர் பதிந்த அயல்நாட்டார். குறித்துக் கொடுத்த எல்லையைத் தாண்ட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஊருக்குள் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். சுற்றினார். காட்டூர், கே.கே. நகர் என்று அவர் டயர் படாத தெரு இல்லை.

டோரதியின் அப்பா சகாயநாதனுக்குக் கொள்ளிடம் தாண்டி லால்குடிப் பக்கம் ஊர். ‘எந்த நாட்டு ஆளோ’ என்று கல்யாணத்துக்கு முறுக்கிக்கொண்டு நின்றவர், பின்னாளில் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மாப்பிள்ளையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மலைக்கோட்டையைச் சுற்றாமல் ஊர் திரும்பியதில்லை. எழுபத்தாறாம் வருஷம் ஒரு விடியற்காலை அவர் இறந்த செய்தி வந்தது.

டாக்டர் முகம்கூடக் கழுவாமல் போலீஸ் அலுவலகத்துக்கு ஓடினார். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ஊரில் இல்லை. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர்தான். “எப்படியும் நாலு நாள் ஆகுங்க டாக்டர். மீறிப் போயிடாதீங்க. யாராவது புகார் எழுதிப் போட்டா, உங்களை நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க” என்றார். டோரதிக்கு அது போதும். அப்பாவை இழந்த அன்றைக்கே கணவரையும் இழக்க அவள் தயாராக இல்லை. “நான் மட்டும் போயிட்டு வரேங்க” என்றாள்.

பாலத்தின் கோடி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் அவள் திரும்பி வந்து இறங்கியபோது, டாக்டர் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் கழுத்து கன்றிப் போயிருந்தது.

“வீட்டுக்குப் போகலையா?”

“இல்ல. சொல்லு. ஒண்ணுவிடாம சொல்லு.”

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னாள். யார் யார் தூக்கினார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள், பெட்டிக்குள் அப்பா முகம் எப்படி இருந்தது. மாப்பிள்ளை கட்டிக் கொடுத்த பல்லோடுதான் இருந்தாராம், சிரிக்கப் போகிறவர் மாதிரி. “குழியில எல்லாரும் ஒரு பிடி மண்ணு போட்டாங்க. நான் ரெண்டு பிடி போட்டேன். ரெண்டாவது உங்க பேரைச் சொல்லி.”

டாக்டர் போய் வண்டியை உதைத்தார். ஒரே உதையில் கிளம்புகிற வண்டி அன்றைக்கு அவர் காலுக்கு மசியவில்லை.

எத்தனையோ முறை விண்ணப்பம் போட்ட பிறகு எண்பத்து நாலில் குடியுரிமை கிடைத்தது. அடுத்த ஞாயிறே டோரதி எலுமிச்சம்பழச் சாதம் கட்டினாள். “அப்பாவைப் பாத்துட்டு வந்துடலாங்க.” டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். குடியுரிமைக் காகிதத்தைப் பையில் வைத்து, இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

பாலத்தின் கோடி வந்தது. அவருடைய வலது கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. பின்னால் வந்த லாரி அலறியது.

“என்னங்க, ரிப்பேரா?”

“இல்ல டோரதி.” கைகள் ஹாண்டில்பாரை இறுக்கிக்கொண்டிருந்தன. “கால் வர மாட்டேங்குது.”

லாரி திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனது. இன்னொன்றும் போனது. போங்க என்று டோரதி சொல்லவில்லை. இறங்கவும் இல்லை. அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்று மணலில் பையன்கள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. பிறகு கியர் விழுந்தது.

டோல்கேட்டைக் கடந்தார்கள். நின்றிருந்த போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். “யாருமே கேக்கலையே” என்றார் டாக்டர், கொஞ்சம் ஏமாந்த குரலில். டோரதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

லால்குடிக்கு முன்னால் புளியமரத்தடியில் வீரமலையின் டீக்கடை. டோரதி பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் உட்காரவில்லை. இன்ஜினை ஓடவிட்டபடியே, ஒரு கை வண்டி மேல் இருக்க, நின்றுகொண்டே டீயை வாங்கினார்.

“பெட்ரோல் வீணாப் போகுதுங்க.”

“இருக்கட்டும்.”

வீரமலை அடுத்த டீயை ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்தார். “எங்கேருந்து வர்றீங்க?”

இந்தக் கேள்வி டாக்டரிடம் எப்போதும் இரண்டு தடவை கேட்கப்படும். புத்தூர் என்பார். அது சரிங்க, சொந்த ஊரு என்பார்கள். அவர் சீனா என்ற பிறகுதான் கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

“திருச்சிங்க” என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தார்.

“திருச்சியா? அங்க மழை உண்டா? இங்க ஒரு பொட்டு இல்ல.”

டாக்டர் டோரதியைப் பார்த்தார். அவள் தன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து சாயங்காலம் பெஞ்சுதுங்க” என்றார். “எங்க ஊர்ல நல்ல மழை.”

பிறகு குனிந்து சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். வண்டியை நகர்த்தி நிழலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, டோரதியைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார்.