உறுமிய எக்கோ பெட்டி

எங்கள் ஸ்டுடியோவில் கேபிள் பற்றவைத்தவளை வயர்க்காரி என்றே கூப்பிடுவோம். சுருக்கென்ற பேச்சு, நிதானமான கை. பதினோரு வருடத்தில் அவள் பற்றவைத்த ஒரு முனைகூட விட்டுப்போனதில்லை. சவுண்ட் இன்ஜினியர் அவளுடைய அக்கா கணவர். அவருக்குப் பற்றவைக்கத் தெரியாது, அதட்டத் தெரியும்.

ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்கு மூன்று கம்பி இணைப்பு. குரலுக்கு எதிரொலி சேர்க்கும் பழைய எக்கோ பெட்டிக்கோ இரண்டுதான். கைக்குக் கிடைத்த கேபிளால் இரண்டையும் சேர்த்தால் பெட்டி 'ம்ம்ம்' என்று உறுமும். அதற்காகவே வயர்க்காரி இரண்டு கேபிள் செய்திருந்தாள், போக ஒன்று, வர ஒன்று. பெட்டிப் பக்க முனையில் மட்டும் கம்பிகளைச் சுற்றியிருக்கும் எர்த் வலையை இணைக்காமல் விட்டிருந்தாள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு சிவப்பு நெயில் பாலிஷ்.

ஒரு நாள் இன்ஜினியர் அவசரத்தில் தன் பையிலிருந்த கேபிளைச் செருகினார். பெட்டி உறுமியது. பாடகி ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். முதலாளி ஓடி வந்தார்.

"இவ பண்ணின கேபிள்தான் சார். அரைகுறை வேலை" என்றார் இன்ஜினியர்.

"அத்தான், அது உங்க பையில இருந்து எடுத்தது."

அவர் காதில் விழாத மாதிரி நின்றார். கீபோர்டு வாசிக்கிற நானும் பார்த்தேன்தான், வாயைத் திறக்கவில்லை. முதலாளி அவளை உடனே வேலையை விட்டுக் கிளம்பச் சொன்னார். அவள் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் அந்த இரண்டு பொட்டையும் துடைத்தாள். கேபிள்களைக் கூடையிலிருந்த மற்ற அறுபது கேபிளோடு கலந்துவிட்டுப் போனாள்.

அரைகுறை என்ற பேர் அவளுக்கு முன்னால் ஊர் சுற்றியது. எந்த ஸ்டுடியோவும் சேர்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்தாள்.

இங்கே இன்ஜினியர் அந்த இரண்டையும் தேடிக் கூடையோடு மல்லுக்கட்டினார். மூன்று வாரம் கழித்து அதே பாடகி வந்தார்; பெட்டி அதே மாதிரி உறுமியது. முதலாளி போன் செய்து வயர்க்காரியை வரவழைத்தார்.

"அன்னைக்கு யாரு கேபிள்னு முதல்ல அத்தான் சொல்லட்டும்."

"என்னோடதுதான்" என்று முணுமுணுத்தார் அவர்.

"பாடகியம்மாவுக்குக் கேக்கல."

அவர் உரக்கச் சொன்னார். "நானும் பார்த்தேன் சார்" என்றேன்.

"இப்பவாவது வாய் வந்துச்சே" என்றாள் என்னிடம். எனக்கு வேண்டியதுதான்.

எர்த் இணைக்காத முனையை மீட்டரை வைத்துத் தேடி இரண்டு கேபிளையும் எடுத்துச் செருகினாள். உறுமல் நின்றது.

"திங்கக்கிழமையிலிருந்து வந்துடும்மா" என்றார் முதலாளி.

"வர்றேன். அவர் இருக்கக் கூடாது."

"உங்க அக்கா வீட்டுக்காரர்மா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"தெரியும் சார். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்." முதலாளி சரி என்றார்.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வயர்க்காரி வேலைக்கு வந்தாள்.