இருபத்து மூன்று ஜாடிகளும் ஓர் ஆயுத பூஜையும்

ஜோகுபாளையத்தில் யார் வீட்டிலாவது கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகம் பார்க்கப் போவதற்கு முன்னால் சொர்ணத்தைப் பார்க்கப் போவார்கள். ஜாதகத்தில் தப்பு வரலாம். சொர்ணம் சொல்லும் உறவுமுறையில் வராது.

"அக்கா, அந்தப் பையன் ஊட்டுக்காரங்க நமக்கு இன்னா முறை ஆவுது?"

சொர்ணம் கீரை ஆய்ந்தபடி, தலையைக்கூடத் தூக்காமல் சொல்வாள். "பையனோட அம்மாவைப் பெத்தவ யாரு? தங்கவயல்ல இருந்த ராணி. உன் பொண்டாட்டியைப் பெத்தவ யாரு? அந்த ராணி கூடப் பொறந்தவ. அப்ப இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆவுது. வேணாம், வேற எடம் பாரு."

வந்தவர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போவார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர்கள்கூட அப்படி எழுந்து போயிருக்கிறார்கள்.

யார் யாருடன் பேசுவதில்லை, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை தத்து வந்தது, யாருடைய மூக்கு யாருக்கு வந்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் ஒரு செய்தி சொன்னால் மாலைக்குள் அல்சூர் ஏரியைச் சுற்றி வந்துவிடும் என்பார்கள். அது கொஞ்சம் அநியாயம். பதினாறு வருஷமாக அவள் வாய்க்குள்ளேயே தங்கிவிட்ட செய்தி ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று.

சொர்ணத்துக்கு வேலை ஒரு பழைய காலேஜில், விலங்கியல் துறையில் அட்டெண்டர். எட்டாவது ஃபெயில். வயது ஐம்பத்திரண்டு. பாம்பு, தவளை, இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் ஊறும் மியூசியம் அறைதான் அவள் ராஜ்யம். அந்த அறையில் அவளுக்குச் செல்லமான அலமாரி ஒன்று. அதில் இருபத்து மூன்று ஜாடிகள். எல்லாவற்றிலும் ஒரே ஜாதி மீன், ஸ்கல்பின் என்று பெயர். நம் பக்கத்துக் கடலில் கிடைக்காது, குளிர் தேசத்து மீன். அந்தக் காலத்தில் யாரோ ஒரு பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தாராம்.

அழகு என்று சொல்ல முடியாது. உடம்பில் பாதி தலை, தலையில் பாதி வாய். மேலே பார்க்கும் முட்டைக் கண். விசிறி மாதிரி இரண்டு பக்கத் துடுப்பு. பின்னால் போகப் போக உடம்பு இளைத்து, கடைசியில் வால் என்று பேருக்கு ஒன்று. பெரும்பாலானவற்றுக்குச் செதிலே கிடையாது, வழவழவென்று இருக்கும். ஆனால் பதினாறு வருஷம் தினம் துடைத்தால் எந்த முகமும் சொந்தக்காரர் முகமாகிவிடும். அகல வாய் மீனுக்கு அவள் வைத்த பெயர் பாஞ்சாலி. பாஞ்சாலி பக்கத்து வீட்டுக்காரி. ஜாடி அடியில் குப்புறக் கிடக்கும் மீன் ஒன்றுக்குத் தன் புருஷன் முனியப்பன் பெயரையே வைத்திருந்தாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. காலேஜில் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குச் சாமந்தி, வாசலில் உடைக்கப் பூசணிக்காய். மற்ற அட்டெண்டர்கள் துடைப்பத்துக்கும் வாளிக்கும் பொட்டு வைத்தார்கள். சொர்ணத்துக்கு மனசு கேட்கவில்லை. தனக்குச் சோறு போடுவது துடைப்பமா, மீனா? மீன்தான். அப்படியானால் மீன்தானே ஆயுதம்?

இருபத்து மூன்று ஜாடிகளையும் இறக்கினாள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி, சோடா உப்புப் போட்டு, மூடி இறுக்கிய ஜாடிகளைக் கழுத்துவரை ஊறவைத்தாள். துணிக்குப் போகாத பழைய பிசுக்கு போக வேண்டாமா? பூசணிக்காய்க்குக் கற்பூரம் வாங்கிவந்து பார்த்தபோது தண்ணீர் நீலமாக இருந்தது. மேலே காகிதத் துண்டுகள் மிதந்தன. ஜாடிகளின் வெளியே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. எழுத்து கரைந்து போயிருந்தது. அந்த ஜாடிகளுக்கு உள்ளே சீட்டுப் போடும் பழக்கம் அந்தக் காலத்துப் பேராசிரியருக்கு இல்லை.

சொர்ணம் உட்கார்ந்து, மிதந்த துண்டுகளை வாரி எடுத்தாள். பிறகு எழுந்து, பளபளவென்று இருந்த இருபத்து மூன்று ஜாடிகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். வேறு என்ன செய்வது?

லீவு முடிந்த வியாழக்கிழமை துறைத் தலைவி ஜூடித் மேடம் அலமாரி முன்னால் வந்து நின்றார். விவேக் நகர்க்காரர், வருகிற மார்ச்சில் ரிட்டயர்மென்ட். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினார்.

"சொர்ணம், என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"குளிப்பாட்டுனேன் மேடம்."

"செத்துப்போன மீனை யாராவது குளிப்பாட்டுவாங்களா? திங்கட்கிழமை புது பில்டிங்குக்கு ஷிஃப்டிங். பேர் இல்லாத ஜாடி ஒண்ணுகூட அங்க வரக்கூடாதுன்னு பிரின்சிபால் சர்க்குலரே போட்டாச்சு. கெமிக்கல் வேஸ்ட் வண்டி வரும், ஏத்தி அனுப்பிடுவாங்க. நான் என்ன பண்ண முடியும்?"

"ரெண்டு நாளு குடுங்க மேடம். பேர் வச்சிட்றேன்."

"நீ வச்ச பேர் எல்லாம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். ஹரிஷ்குமாரைக் கூட வச்சுக்கோ."

ஹரிஷ்குமார் தர்மபுரியிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன உதவிப் பேராசிரியர். படித்தது முழுக்க எறும்பு. மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார்.

"அக்கா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றார் நேர்மையாக.

"எனக்குப் பேர் தெரியாது சார், ஆளைத் தெரியும். உங்களுக்கு ஆளைத் தெரியாது, இங்கிலீஷ் தெரியும். ஆரம்பிங்க."

பீரோவிலிருந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்தார்கள். ஒவ்வொரு மீனுக்கும் பெயர், எந்த ஊர்த் தண்ணீர், முள் எத்தனை, துடுப்பில் நரம்பு எத்தனை என்று பொடி எழுத்தில் இருந்தது. ஹரிஷ்குமார் படித்துத் தமிழில் சொன்னார்.

"கன்னத்து ஓரத்துல ஒரு முள். மான்கொம்பு மாதிரி கிளை கிளையா இருக்குமாம்."

"பழனிச்சாமி!" என்றாள் சொர்ணம். எழுந்து போய் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு ஜாடியைத் தூக்கிவந்தாள். "எங்க தெருவுல பேரன் காது குத்துக்கு மீசையை முறுக்கிக்கினு வந்தாரு ஒருத்தரு, அவரு பேரு." லென்ஸ் வைத்துப் பார்த்தார் ஹரிஷ்குமார். கன்னத்தில் மான்கொம்பு இருந்தது.

"முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி உசரமா..."

"குடை புடிச்சவ. இந்தாங்க."

"பைக்கால்னு ஒரு ஏரி. அங்க இருக்கிற எண்ணெய் மீன். உடம்புல கால்வாசிக்கு மேல கொழுப்பு."

"ஸ்பிரிட் மேல மஞ்சளா எண்ணெய் மிதக்குது பாருங்க, இவதான். இவளோட ஜாடி கழுவத்தான் ஒரே பேஜாரு."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பன்னிரண்டு ஜாடிக்குப் பெயர் வந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்தபடி ஹரிஷ்குமார் லேப்டாப்பில் புதுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"அக்கா, இன்னொரு சிக்கல். ரிஜிஸ்டர்ல இதுங்களை எல்லாம் ஒரே குடும்பம்னு எழுதியிருக்கு. இப்ப டி.என்.ஏ. பார்த்துட்டு, எலும்பையும் பார்த்துட்டு, குடும்பத்தையே பிரிச்சிட்டாங்க. ஆத்துலயும் ஏரியிலயும் இருக்கிறதுங்க மட்டும் பழைய வீட்ல. கடல்ல இருக்கிறதுல முக்கால்வாசி வேற வீட்டுக்குப் போயாச்சு. குடை புடிச்சவ மூணாவது வீடு. இந்தக் குதிரை மூஞ்சிக்காரன் தனி வீடு. அதுலயும் இன்னும் சண்டை தீரலை, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் ஒத்துக்கலை."

"பாகப்பிரிவினைன்னா சண்டை இல்லாம இருக்குமா சார்? மான்கொம்பு பழனிச்சாமி எந்த ஊடு?"

"அதான் வேடிக்கை. அவர் கடலோரத்து ஆளு. ஆனா ஆத்துக்காரங்களோட பழைய வீட்லயே இருக்காரு."

சொர்ணத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அதான பார்த்தேன்! வாடகைக்கு எங்க இருந்தா இன்னா, பொறந்த ஊடு பொறந்த ஊடுதான். நம்ம அடுகோடி சேகர் இல்ல? மாமியார் ஊட்டோட போயிட்டான்னு அவன் பங்காளி இல்லன்னு ஆயிடுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஆனா சார், மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரி கீதே?"

"அடியில படுத்தே பொழைக்கிற மீனுக்கு அந்த மாதிரி உடம்பு தோதா இருக்கு. இதுங்களுக்கு உள்ள காத்துப் பை கிடையாது, மிதக்க முடியாது. அதனால மூஞ்சியை மட்டும் நம்பி முறை சொல்ல முடியாது."

"ஆட்டோ ஓட்டுறவங்க எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சே உக்கார்ற மாதிரி," என்றாள் சொர்ணம். "அதுக்காக அவங்க எல்லாம் அண்ணன் தம்பியா?"

"இன்னொண்ணு போட்டிருக்கு அக்கா. இதுல நிறைய வகையில முட்டையை அப்பா மீன்தான் காவல் காக்குமாம். அம்மா போட்டுட்டுப் போயிடும்."

சொர்ணம் முனியப்பன் ஜாடியை ஒரு முறை பார்த்தாள். "பேரை மாத்தணும் சார். எங்க ஊட்டுக்காரருக்கு இந்தப் பெருமை ஜாஸ்தி."

சனிக்கிழமை நான்கு மணிக்கு இருபத்திரண்டு ஜாடிகளில் புதுச் சீட்டு. உள்ளே ஒன்று பென்சிலில், வெளியே ஒன்று. ரிஜிஸ்டரில் மீதி இருந்த பெயரும் ஒன்று, மேசையில் மீதி இருந்த ஜாடியும் ஒன்று. ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஹரிஷ்குமார் கடைசி வரியைப் படித்தார்.

"தலையில நாலு எலும்புக் குமிழ். உடம்புல செதில் இல்லை." லென்ஸை எடுத்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "அக்கா, இதுக்குக் குமிழே இல்லை. தலை சப்பட்டையா இருக்கு. உடம்பு பூரா செதில்! இது ஸ்கல்பினே இல்லை."

சொர்ணம் துடைக்கும் துணியை மடித்தாள். அவளுக்குத் தெரியும். அவள் வாய்க்குள் தங்கிய அந்த ஒரு செய்தி இதுதான்.

அவளுக்கு முன்னால் அந்த அறையில் அட்டெண்டராக இருந்தவர் க்ளென். ரிட்டயரான அன்று, மாலையும் கழுத்துமாக அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தொண்ணூற்றாறில் ஜூடித் மேடம் இங்கே தற்காலிக லெக்சரர். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான்கு குமிழ் மீன் ஜாடியைக் கைதவறிப் போட்டுவிட்டார். அழுதுகொண்டே க்ளெனைத் தேடிப் போன நேரத்தில், பெருக்க வந்தவர் கண்ணாடியோடு மீனையும் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்த மேடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ரஸ்ஸல் மார்க்கெட் போய், பார்வைக்கு அதே மாதிரி இருந்த ஒரு கடல் மீனை வாங்கிவந்தார். க்ளென்தான் அதை ஃபார்மலினில் போட்டு, பழைய சீட்டைப் புது ஜாடியில் ஒட்டினார். "ஏசு மேல ஆணை, யாருக்கும் சொல்லாதே சொர்ணம்," என்றார். அவள் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் துடைத்தபோதே அந்தச் செதிலைப் பார்த்திருந்தாள். எத்தனையோ பெரிய மனிதர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, அந்த ஜாடி முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போனதையும் பார்த்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜூடித் மேடம் உள்ளே வந்தார். "முடிஞ்சுதா?"

"மேடம், பெரிய குழப்பம்," என்றார் ஹரிஷ்குமார் உற்சாகமாக. "இந்த ஒரு ஜாடியில வேற மீன். யாரோ மாத்தியிருக்காங்க. அப்படின்னா மத்த இருபத்திரண்டையும் எப்படி நம்புறது? பிரின்சிபால்கிட்ட எழுதித்தான் கொடுக்கணும்."

ஜூடித் மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுதிக் கொடுத்தால் அலமாரி மொத்தமும் வண்டியில் போகும். மான்கொம்பு பழனிச்சாமி, குடை பிடித்தவள், பாஞ்சாலி, எல்லாரும். உண்மையைச் சொன்னால் மீன்கள் பிழைக்கும், மேடம் மாட்டிக்கொள்வார். சொர்ணம் வாயைத் திறந்தாள். ஜோகுபாளையமே பயப்படும் வாய்.

"நான்தான் சார்," என்றாள். "கழுவுறப்ப ஒரு ஜாடி ஒடஞ்சிடுச்சு. பயந்துக்கினு மார்க்கெட்ல ஒண்ணு வாங்கியாந்து போட்டேன். மத்தது எல்லாம் சரியாத்தான் கீது. தப்பு என்னோடது, மீனுங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

ஹரிஷ்குமார் அவளை நம்பாமல் பார்த்தார். போன வாரம் வாங்கிய மீன் இப்படிப் பழுப்பேறி விறைத்திருக்காது என்று எறும்பு படித்தவருக்கும் தெரியும்.

"பொய் சொல்லாதே சொர்ணம்," என்றார் ஜூடித் மேடம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஹரிஷ், அது நான். இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. ஜாடியை ஒடச்சதும் நான், மீன் வாங்கினதும் நான். அந்தக் கடைக்காரன் குழம்புக்கு நல்லா இருக்கும் மேடம்னு சொன்னான்."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. முதலில் சிரித்தவர் அவர்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொர்ணத்தைப் பார்த்தார். "க்ளென் சொன்னாரா?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும், எட்டாவது ஃபெயிலு."

ஜூடித் மேடம் பேனாவை எடுத்தார். ரிஜிஸ்டரின் கடைசி வரிக்குப் பக்கத்தில், நான்கு குமிழ் மீன் எந்தத் தேதியில் எப்படி உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதினார்: தட்டைத்தலை மீன், ரஸ்ஸல் மார்க்கெட், 1996. "இருபத்து மூணும் திங்கட்கிழமை போகட்டும். சர்க்குலர்ல பேர் இருக்கணும்னுதானே போட்டிருக்கு? இருக்கு. மீதியை பிரின்சிபால்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சொர்ணம் சீட்டை ஒட்டினாள். உலர்ந்த துணியால் ஓரத்தை அழுத்தினாள். "சார், இது அதுங்களுக்கு இன்னா முறை?"

"ரொம்பத் தூரத்துச் சொந்தம் அக்கா."

"அதனால இன்னா. இத்தினி வருசம் ஒரே அலமாரில இருந்துடுச்சு," என்று ஜாடியைப் பாஞ்சாலிக்கும் மான்கொம்புக்கும் நடுவில் தள்ளிவைத்தாள்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நிஜப் பாஞ்சாலி காத்திருந்தாள். மூன்று நாளாகச் சொர்ணம் லேட்டாக வருகிறாள், ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"இன்னாக்கா, காலேஜ்ல இன்னா விசேசம்?"

சொர்ணம் குடத்தை வைத்தாள். குழாயைத் திறந்தாள்.

"ஒரு மீனு கீது பாஞ்சாலி. அதுல அப்பன்தான் முட்டையைப் பாத்துக்கறான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்," என்றாள் சொர்ணம். குடம் நிரம்புகிற வரை வேறு எதுவும் சொல்லவில்லை. ஜுரமாக இருக்குமோ என்று பாஞ்சாலி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.